ஓடாத காருக்கும் ஆயில் மாத்தணுமா? – வாசகர் கேள்வி பதில்

கடலூர் செம்மண்டலத்துல ஷெட் வச்சு 26 வருஷமா வண்டி வேலை பாக்குறேன். இந்த தடவை வந்த கடிதங்கள் பூராவும் இன்ஜின் ஆயிலை சுத்தியே இருக்கு, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

லாஸ்பேட்டை வாசகர்: வணக்கம் சார். ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. 2019 மாடல் வேகன்ஆர், பெட்ரோல். கடைசி சர்வீஸ் விட்டு 14 மாசம் ஆச்சு, ஓடுனது 3,200 கி.மீ. தான். காலையில பேரனை ஸ்கூல்ல விடுறது, பெரிய மார்க்கெட், வெள்ளிக்கிழமை மணக்குள விநாயகர் கோயில், அவ்வளவுதான் ஓட்டம். சர்வீஸ்ல ஆயில் மாத்தணும்ங்கறாங்க. பையன் 10,000 ஓடாம எதுக்குப்பா மாத்தணும், ஏமாத்துறாங்கன்னு சொல்றான். யார் சொல்றது சரி?

சார், இந்த விஷயத்துல சர்வீஸ்காரங்க சொல்றதுதான் சரி. டேஷ்போர்டுல இருக்கற மேனுவலை எடுத்து பாருங்க, 10,000 கி.மீ. இல்லன்னா 12 மாசம், எது முன்னாடி வருதோ அதுன்னு போட்டிருக்கும். நம்மாளுங்க எல்லாரும் முதல் பாதியை மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. பின்பாதி யாருக்காக எழுதினதுன்னா உங்கள மாதிரி கம்மியா ஓட்டறவங்களுக்காகத்தான்.

ஏன்னு சொல்றேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகுது. முக்காவாசி என்ன, அனேகமா எல்லாமே சைலன்சர் வழியா வெளிய போயிடும், காலையில ஸ்டார்ட் பண்ணா பின்னாடி சொட்டுறது அதுதான். ஆனா ஒரு துளி பிஸ்டன் ரிங்கை தாண்டி கீழ ஆயில் சேம்பர்ல இறங்கும், கூடவே எரியாத பெட்ரோல் கொஞ்சம் இறங்கும். வண்டி அரை மணி நேரம் ஒரே ஓட்டமா ஓடுச்சுன்னா ஆயில் நல்லா சூடாகி அந்த தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி இன்ஜின் காத்து இழுக்கற இன்டேக் பக்கம் திரும்ப போய் எரிஞ்சிடும். நீங்க லாஸ்பேட்டையில இருந்து ஸ்கூல் வரைக்கும் மூணு கி.மீ. போயிட்டு ஆஃப் பண்றீங்க. டேஷ்போர்டுல டெம்பரேச்சர் சரியா காட்டும், ஆனா அது இன்ஜினை குளிர வைக்கற கூலன்ட்டோட சூடு, ஆயில் சூடாக அதைவிட ரொம்ப நேரம் எடுக்கும். அதனால உள்ள இறங்குன தண்ணி அங்கேயே தங்கிடுது. மறுநாளும் அதே கதை. இதுல அமிலம் உருவாகும், அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயில்ல மருந்து கலந்திருக்காங்க, அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துகிட்டே வரும். மீட்டர் 3,200 காட்டும், ஆயிலோட சத்து எப்பவோ போயிருக்கும்.

போன மாசம் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து ஒரு டீச்சரம்மா அவங்க காரை எடுத்துட்டு வந்தாங்க, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ரெண்டு கி.மீ. தான் தூரம், ஒன்றரை வருஷமா ஆயில் மாத்தல. ஆயில் ஊத்துற மூடியை திருகி எடுத்தேன், அடியில வெண்ணெய் தடவின மாதிரி மஞ்சளா ஒரு பசை, விரல்ல தொட்டா ஒட்டுது. ஆயிலும் கூலன்ட்டும் கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கட் போயிடுச்சுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, 25,000 ரூபா ஆகும்னு பயந்துபோய் வந்திருக்காங்க. நான் முதல்ல கூலன்ட் டப்பாவை பாத்தேன், அளவு குறையவே இல்ல, ஆயில் அளவு பாக்கற கம்பி இருக்கே, அந்த டிப்ஸ்டிக்குல வந்த ஆயிலும் கருப்பாதான் இருந்துச்சு, காபி கலர் இல்ல. அப்போ கூலன்ட் கலக்கல, அந்த பசை உள்ள தங்குன ஈரம்தான். பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாத்தி, புது ஆயில் ஊத்தி அனுப்பிட்டேன், பெரிய செலவு எதுவும் இல்ல. மூடியில மஞ்சள் பசை பாத்ததுமே இன்ஜினை பிரிக்கறதுக்கு ஒத்துக்காதீங்க, கூலன்ட் குறையுதான்னு டப்பாவுல மார்க்கர் வச்சு கோடு போட்டு பத்து நாள் பாருங்க.

உங்களுக்கு 14 மாசம் ஆயிடுச்சு, இந்த வாரமே மாத்திடுங்க. இனிமே வருஷத்தை தாண்ட விடாதீங்க, என் காரா இருந்தா உங்க ஓட்டத்துக்கு எட்டு மாசத்துலயே மாத்திடுவேன். அதோட ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கிட்டு கிருமாம்பாக்கம் வழியா கடலூர் வரைக்கும் வந்துட்டு போங்க, சில்வர் பீச்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு திரும்பினா ரெண்டு பக்கமும் சேத்து அம்பது கி.மீ. கிட்ட வரும், அந்த ஓட்டம் இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் ரொம்ப நல்லது.

மஞ்சக்குப்பம் வாசகர்: அண்ணே, டிசையர் டீசல் டாக்ஸி ஓட்டறேன். மாசம் 4,000 கி.மீ. வரும், பாதி பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி சவாரி. ஆயில் மாத்தி 500 கி.மீ. கூட ஓடல, டிப்ஸ்டிக்கை இழுத்தா தார் மாதிரி கருப்பா இருக்கு. மட்டமான ஆயில் ஊத்திட்டாங்களா?

இல்ல தம்பி, கருப்பானா ஆயில் வேலை செய்யுதுன்னு அர்த்தம். டீசல் எரிஞ்சா கரி வரும், அந்த கரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாகாம பிரிச்சு தனக்குள்ள வச்சுக்கறதுதான் ஆயிலோட வேலையில முக்கியமான வேலை. டீசல் வண்டியில நூறு கி.மீ.லயே கருப்பாகும், அதுவும் பழைய ஆயில் மொத்தமா வடியாது, அடியில கொஞ்சம் நிக்கும், அந்த கொஞ்சமே புதுசையும் கருப்பாக்கிடும். கலரை வச்சு ஆயிலை எடை போடாதீங்க. சிஎன்ஜி வண்டியில இதுக்கு நேர் எதிரா நடக்கும், ஆயில் தேன் மாதிரி சுத்தமா இருக்கும், அதை பாத்து மாத்தாம விடுவாங்க, அதுவும் தப்பு.

உங்ககிட்ட நான் கேக்கறது வேற. ஜிப்மர்ல பேஷன்ட்டை இறக்கிட்டு ஓபி முடியற வரைக்கும் வெயில்ல ஏசி போட்டு வண்டியை ஆன்லயே வச்சிருப்பீங்க இல்ல? அந்த நேரத்துல மீட்டர் நகராது, ஆனா இன்ஜின் ஓடுது, ஆயில் சுத்துது, கரி சேருது. சும்மா நின்னு ஓடுற ஒரு மணி நேரத்தை 40, 50 கி.மீ. ஓட்டமா கணக்கு வைக்கறது வழக்கம். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம், மாசம் 26 நாள்னா 78 மணி நேரம், 40 போட்டாலே 3,000 கி.மீ.க்கு மேல வருது. உங்க இன்ஜின் மாசம் 4,000 இல்ல, 7,000 ஓடுது. அப்படி பாத்தா 10,000 கி.மீ. ஆயில் உங்களுக்கு மீட்டர்ல 5,500, 6,000 வர்றப்பவே முடிஞ்சிடும். அதே 4,000ஐ ஒருத்தர் ஈசிஆர்ல சென்னைக்கும் பாண்டிக்கும் நிக்காம ஓட்டினா அவருக்கு 10,000 வரைக்கும் தாராளமா போகும். ரெண்டு பேரும் ஒரே வண்டி, ஒரே ஆயில், ஆனா கணக்கு வேற வேற.

உங்க பொழப்பே அந்த வண்டியிலதான் இருக்கு, 6,000க்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் சேத்து மாத்துங்க. ஆயில் மட்டும் மாத்தி ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பழைய ஃபில்டருக்குள்ள இருக்கற அழுக்கு ஆயில் மொத்தமும் புது ஆயில்லதான் வந்து கலக்கும். கீழ டிரெயின் போல்ட்டுக்கு இருக்கற வாஷரையும் புதுசா போட சொல்லுங்க, சின்ன காசுதான், அதை விட்டுட்டு போல்ட்டை ஓவரா டைட் வச்சு சேம்பர்ல மரை போன வண்டிங்க நிறைய பாத்திருக்கேன்.

பண்ருட்டி வாசகர்: பிஎஸ் 6 டீசல் எஸ்யூவி வாங்கி ஒன்றரை வருஷம். வீட்டுக்கும் பலா தோப்புக்கும் தினம் நாலஞ்சு கி.மீ. தான் போறேன். டிப்ஸ்டிக் பாத்தா ஆயில் குறையறதுக்கு பதிலா ஏறிக்கிட்டே வருது. ஏறினா நல்லதுதானே?

நல்லது இல்லீங்க, இதை தள்ளிப் போடாதீங்க. பிஎஸ் 6ங்கற புகை கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் கார்ல சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு கரி வடிகட்டி இருக்கும். அது நிறைஞ்சதும் வண்டியே கூடுதலா டீசல் அடிச்சு சூடாக்கி அந்த கரியை எரிக்கும், அதுக்கு கொஞ்ச நேரம் வேகமா, நிக்காம ஓடணும். நீங்க பாதியிலயே தோப்புல போய் ஆஃப் பண்ணிடறீங்க. கூடுதலா அடிச்ச டீசல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயில்ல கலக்குது, மறுநாள் வண்டி திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது, திரும்ப கலக்குது. அதான் அளவு ஏறுது. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க, டீசல் வாடை தெரியும். டீசல் கலந்த ஆயில் தண்ணியா போயிடும், பேரிங்ல படலமா நிக்காது. அளவு டிப்ஸ்டிக்குல மேல இருக்கற ஹெச் கோட்டை ரொம்ப தாண்டினா கிராங்க் சுத்தும்போது ஆயிலை அடிச்சு நுரையாக்கும், நுரையை பம்பு இழுத்தா பிரஷர் வராது.

மேல் கோட்டை தாண்டியிருந்தா கி.மீ. பாக்காம உடனே மாத்துங்க. ஆயில் வாங்கும்போது டிபிஎஃப் வண்டிக்கான சாம்பல் கம்மியா இருக்கற வகையா பாத்து வாங்கணும், மேனுவல்ல சி2, சி3 இந்த மாதிரி எது போட்டிருக்கோ அதேதான், பழைய டிராக்டருக்கு ஊத்துறதை இதுல ஊத்தினா டிபிஎஃப் அடைச்சிடும், அது மாத்தற செலவு நினைச்சாலே கஷ்டமா இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவையாவது கடலூர் ரோட்டுல அரை மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டுங்க. அதுக்கு நேரமே இல்லன்னா, உங்க ஓட்டத்துக்கு பெட்ரோல் வண்டிதான் சரி, அடுத்த தடவை வாங்கும்போது இதை மனசுல வச்சுக்கங்க.

நெய்வேலி வாசகர்: என் கார்ல 0டபிள்யூ-20 ஆயில் போட சொல்லியிருக்கு. தண்ணி மாதிரி இருக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில்தானே நல்லது? அப்பா அம்பாசடருக்கு அதான் ஊத்துவார்.

அப்பா ஊத்தினது அம்பாசடருக்கு சரி, அந்த இன்ஜின்ல பேரிங் இடைவெளி எல்லாம் தாராளமா இருக்கும், கெட்டி ஆயில் வேணும். உங்க இன்ஜின்ல ஆயில் போற துவாரங்க ஊசி மாதிரி சின்னது, வால்வு டைமிங்கை மாத்தற வேலையே ஆயில் பிரஷர்லதான் நடக்குது, கெட்டி ஆயில் அங்க நேரத்துக்கு போய் சேராது. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ந்த நிலையில எவ்வளவு சீக்கிரம் ஓடும்னு சொல்லுது, பின்னாடி இருக்கறது 100 டிகிரியில எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. வெளிய 30 டிகிரியோ 42 டிகிரியோ, சூட்டை கட்டுக்குள்ள வைக்கற தெர்மோஸ்டாட் இருக்கறதால உள்ள இன்ஜின் கிட்டத்தட்ட ஒரே சூட்டுலதான் ஓடும், அதனால நெய்வேலி வெயிலுக்காக கிரேடு மாத்த வேண்டியதில்ல. இன்ஜின் தேய்மானம் அதிகமா நடக்கறது காலையில செல்ஃப் அடிச்ச முதல் சில நொடியிலதான், அப்போ மேல வரைக்கும் சட்டுனு ஏறுறது மெல்லிசான ஆயில்தான். மேனுவல்ல ரெண்டு மூணு கிரேடு கொடுத்திருந்தா அதுக்குள்ள எதையாவது எடுத்துக்கங்க, அதை தாண்டி போகாதீங்க.

ரெயின்போ நகர் வாசகி: அண்ணா, 2024 ஃபெஞ்சல் புயல்ல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. கார் ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் என் தம்பி ஸ்டார்ட் பண்ணான், டங்குன்னு ஒரு சத்தம், அதோட நின்னுச்சு, கடைசியில இன்ஜினே மாத்த வேண்டியதா போச்சு. அடுத்த மழைக்கு முன்னாடி கேக்கறேன், நாங்க என்ன பண்ணியிருக்கணும்? ஆயில் மாத்தியிருந்தா தப்பிச்சிருக்குமா?

தங்கச்சி, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. நவம்பர் 30 ராத்திரி புயல் கரை கடந்து பாண்டியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையை திறந்து தென்பெண்ணை தண்ணி இங்க கடலூர் பக்கம் ஊருக்குள்ள வந்துச்சு, டிசம்பர் பூரா என் ஷெட்டுல தண்ணி குடிச்ச வண்டிதான் வரிசையா நின்னுச்சு. அதுல பொழைச்ச வண்டிக்கும் போன வண்டிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், சாவி போட்டாங்களா இல்லையாங்கறது.

தண்ணி காத்து மாதிரி அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டர்ல தண்ணி போயிருந்து செல்ஃப் அடிச்சா, பிஸ்டன் மேல வந்து அந்த தண்ணியில முட்டி, அதை தாங்கற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நீங்க கேட்ட டங்குன்னு சத்தம் அதுதான். தம்பியை திட்டாதீங்க, எல்லாருக்கும் கை முதல்ல சாவிக்குதான் போகும்.

அதனால பம்பருக்கு மேல தண்ணி நின்ன வண்டின்னா இக்னிஷனே போடாதீங்க. பேட்டரி நெகட்டிவ் வயரை கழட்டிடுங்க, போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்கு சொல்லிட்டு டோ பண்ணி அனுப்புங்க. மெக்கானிக் முதல்ல டிப்ஸ்டிக்கை இழுத்து பாக்கணும், பால் ஊத்தின காபி கலர்ல இருந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ உள்ள தண்ணி போயிருக்கு. அப்படி இருந்தா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயிலை இறக்கணும். நான் அப்படி ஒரு வண்டியில போல்ட்டை கழட்டினப்போ முதல்ல ஒரு சொம்பு சுத்த தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஆயில், தண்ணி கனம் அதிகம், அடியில போய் நின்னிருந்துச்சு. ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டி கையால இன்ஜினை சுத்தி உள்ள இருக்கறதை வெளியேத்திட்டு, ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் மாத்தி, புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிட்டு இன்னொரு தடவை புதுசா ஊத்தணும். முதல்ல ஊத்தினது கழுவறதுக்குத்தான், அதோட வண்டியை கொடுத்தா வாங்காதீங்க. கியர்பாக்ஸ் ஆயிலையும் மறக்காம பாக்க சொல்லுங்க. இதெல்லாம் சாவி போடாம இருந்திருந்தா உங்க வண்டியிலயும் பண்ணியிருக்கலாம். இன்னொண்ணு, இன்ஜின் சேதத்துக்கு சாதாரண பாலிசியில பணம் வராம போக வாய்ப்பு இருக்கு, இன்ஜின் பாதுகாப்புன்னு தனி ஆட்-ஆன் இருக்கு, நம்ம கடலோரத்துக்கு அது அவசியம்.

அரியாங்குப்பம் வாசகர்: கார்ல மிச்சமான ஆயில் முக்கால் லிட்டர் இருக்கு, பைக்குக்கு ஊத்தலாமா?

வேண்டாம். பைக்ல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் ஊறுது, கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். பைக்குக்கு கேன் மேல ஜாசோ எம்ஏங்கற பைக் ஆயில் தரக் குறியீடு போட்டதுதான் ஊத்தணும். மிச்சத்தை மூடி டைட்டா வச்சு டாப்-அப்புக்கு டிக்கியில போட்டுக்கங்க.

வில்லியனூர் வாசகி: டேஷ்போர்டுல சிவப்பா ஆயில் குடுவை லைட் எரிஞ்சா எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

ஒரு அடி கூட வேண்டாம்மா. ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணிடுங்க. அது ஆயில் மாத்த ஞாபகப்படுத்தற லைட் இல்ல, உள்ள பிரஷர் இல்லன்னு சொல்ற லைட். மெக்கானிக் வர்ற வரைக்கும் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. அந்த நிலைமை வராம இருக்க மாசம் ஒரு தடவை நீங்களே டிப்ஸ்டிக் பாருங்க, சமதரையில நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு, இழுத்து துடைச்சு, திரும்ப முழுசா விட்டு எடுத்து பாத்தா ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும், அவ்வளவுதான்.

பாகூர் வாசகர்: எங்க ஊர் மெக்கானிக் இறக்கின ஆயிலை பின்னாடி வாய்க்கால்ல ஊத்தறார். கேட்டா மாட்டுக் கொட்டகை மரத்துக்கு அடி, கரையான் வராதுன்னு ஒரு கேன் கொடுக்கறார். வாங்கலாமா?

வாங்காதீங்க சார், அவர் ஊத்தறதையும் தடுங்க. ஓடி முடிச்ச ஆயில்ல இன்ஜின் தேஞ்ச உலோகத் தூள், கரி, எரிஞ்ச கழிவு எல்லாம் இருக்கு, தோல்ல திரும்பத் திரும்ப பட்டா கேன்சர் வரைக்கும் போற சமாச்சாரம். மாடு மரத்தை நக்கும். நானே முதல் பத்து வருஷம் கை பூரா அதுலயே ஊறி வேலை பாத்தவன், இப்ப பசங்க யாரையும் கிளவுஸ் இல்லாம போல்ட்டை தொட விடறதில்ல. வாய்க்கால்ல ஊத்தினா அது பாகூர் ஏரிக்கும் வயலுக்கும்தான் போகும், தண்ணி மேல படலமா பரவி காத்து உள்ள போகாம அடைச்சிடும்.

சட்டப்படியும் இது அபாயகரமான கழிவு, கண்ட இடத்துல கொட்டக் கூடாது. பழைய ஆயிலை சுத்தம் பண்ணி திரும்ப ஆயிலாக்கற கம்பெனிங்க இருக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல அனுமதி வாங்கினவங்க பேரலோட எடுத்துக்கிட்டு பணமும் கொடுக்கறாங்க. எங்க ஷெட்டுல 200 லிட்டர் டிரம் ஒண்ணு மூடி போட்டு நிழல்ல வச்சிருக்கோம், மழைத் தண்ணி கலந்தா எடுக்க மாட்டாங்க. உங்க மெக்கானிக்குக்கு இதுல காசு வரும்ங்கறதை சொல்லிப் பாருங்க. டிரம் வைக்க இடம் இல்லன்னா கேன்ல சேத்து வச்சு எங்ககிட்ட கொண்டு வந்து தரட்டும், டிரம்முல ஊத்திக்கறோம். காலி ஆயில் கேனை மட்டும் தூக்கி போடறதுக்கு முன்னாடி கத்தியால ஒரு குத்து குத்திட்டு போட சொல்லுங்க, அப்படியே கிடந்தா அதுல போலி ஆயிலை நிரப்பி திரும்ப விக்கறதுக்கு ஆளு இருக்கு.